ரேஸுக்கு நம்ம கார்

"இன்னொரு தடவை கார் ரேஸ் கேம் ஆடினீங்க, கம்ப்யூட்டரைக் காயலான் கடையில போட்டுருவேன்!" என்று புருஷனை மிரட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள் வினோலியா.

அவள் தலை மறைந்ததும் ரொனால்டு கார் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"சார், திண்டுக்கல்லேருந்து பேசுறேன். எங்க வீட்ல உங்க கார்தான். ஆனா எந்த ரேஸ் கேம்லயும் அது இல்லையே! உங்க காரைக் காட்ட நீங்க லைசென்ஸ் குடுத்தாத்தான் கேம் செய்றவங்க சேர்ப்பாங்களாம். குடுத்துருங்க சார்!"

"குடுத்தாச்சு சார். அடுத்த கேம்ல நம்ம காரும் ஓடும்."

சோபாவில் ஏறிக் குதித்தான் ரொனால்டு. திரும்பிப் பார்த்தால், பர்ஸை மறந்து பாதி வழியில் திரும்பிய வினோலியா, வாசலில் காலிக் கூடையோடு.

"போன்ல யாரு?"

"கார்... கம்பெனி" என்று போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"லைசென்ஸ் குடுத்துட்டாங்களா? போன வாரம் நான் அம்புட்டு கெஞ்சினப்ப முடியாதுன்னுட்டாங்களே!"