கங்காணியார் போய்வந்த மாளிகை

மலையகத் தமிழரின் பெருமையைக் கொழும்பு கவர்னர் மாளிகை வரை கொண்டுபோனவர் ராகலை சங்கிலிமுத்துக் கங்காணி ஒருவரே. அப்படிச் சொன்னவரும் அவர் ஒருவரே. வெள்ளைக்காரக் கவர்னரோடு அங்கே டீ குடித்த கதையைச் சொல்லித்தான் தோட்டத்தில் சங்கத் தலைவரானார். உண்மையில் அவர் கண்டியைத் தாண்டியதில்லை.

சுதந்திர தினத்தன்று மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் லொறி பிடித்து, சுற்றிக்காட்டச் சொல்லி அவரையே கூட்டிப் போனார்கள்.

“நீங்க உக்காந்தது எந்த நாக்காலிங்க தலைவரே?” என்று வீரய்யா வாசலிலேயே ஆரம்பித்தான். அடுத்த முறை தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறவன் அவன்.

கங்காணி வாயைத் திறக்குமுன் வயதான பட்லர் ஒருவர் விரைந்து வந்தார்.

“வாங்க கங்காணி ஐயா. பாத்து ரொம்ப நாளாச்சு. சீனி ரெண்டு கரண்டிதானே?”

வீரய்யா ஒதுங்கி வழிவிட்டான். கங்காணி, வேறு யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆனால் டீக்கு அவர் போட்டுக்கொள்வது ரெண்டு கரண்டிதான்.

கூட வந்திருந்த மனைவி பூவாயி அவரை ஏற இறங்கப் பார்த்து, காதோரம் கேட்டாள்.

“கண்டிக்கு அந்தப் பக்கம் போனதில்லைன்னு எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொன்னீங்களே.”

“அதுதான் புள்ள நெசம்.”

பட்லர் உள்ளே போய் வெள்ளித் தட்டுடன் திரும்பினார். “போன தடவ தங்குனப்ப விட்டுட்டுப் போயிட்டீங்க.”

தட்டில், துவைத்து இஸ்திரி போட்டு மடித்த கோவணம் ஒன்று இருந்தது.

பூவாயி அதை விரித்துப் பார்த்தாள். அவளுடைய பழைய சுங்கடிச் சேலையில் கிழித்தது.