ஆறாம் நம்பர் டப்பா

"ராயபுரத்துல இறால் உரிக்கிற பத்து பொம்பளைங்களுக்கு டப்பா குடுத்தேன் பாய். இருபது நாள்ல அஞ்சு பேருக்குக் கைப்புண்ணு சுத்தமா ஆறிடுச்சு," என்றார் களிம்பு தயாரிக்கும் ஏகாம்பரம்.

"மீதி அஞ்சு பேரு?" என்று கேட்டார் மருந்துக்கடை பக்ருதீன்.

அப்போதுதான் டிராமிலிருந்து இறங்கிய, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான தனகோட்டி, கடைக்குள் வந்து வெடித்த விரல்களை இருவர் முன்னும் நீட்டினாள். "இன்னாய்யா களிம்பு இது? தெனமும் தடவுறேன், எரிச்சல்கூட அடங்கல!"

ஏகாம்பரம் அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். அடியில் 6 என்று இருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டார்.

"கரீட்டு. அஞ்சு டப்பால மருந்தே இல்ல பாய், வெறும் மெழுகு. மருந்தாலதான் ஆறிச்சுன்னு வேற எப்படி நிரூபிக்கிறது?"

"பாவம்யா! இந்தம்மாவுக்குப் போயி ஏன் மெழுகைக் குடுத்தே?"

"சீட்டு குலுக்கினேன், அப்படி வந்திச்சு. என் பொண்டாட்டியாச்சேன்னு மாத்திக் குடுத்தா, அது சோதனையா பாய்?"

பக்ருதீன் எழுந்துபோய் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தார். "நூறு டப்பா அனுப்பு."

தனகோட்டி ஏகாம்பரத்தின் பையிலிருந்து மருந்து டப்பா ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யோவ், வூட்டுக்கு வா. இன்னிக்குச் சோறும் சீட்டு குலுக்கித்தான் போடுவேன்!"