போன் மறக்க இரண்டு நாள்

இணையத்தில் இருந்த கல்யாண அழைப்பிதழின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. மாப்பிள்ளையின் தாயார் குல்பாஷ் அதற்குத்தான் போன் போட்டார். கஸாக்ஸ்தானின் ஷிம்கெந்த் நகரில் இன்னொரு மூலையில், அந்தப் பக்கத்தைச் செய்த தார்கான் எடுத்தான்.

“ஏம்ப்பா, புதுப் பக்கத்தை வேற கம்பெனியில செஞ்சு வெச்சாச்சு. பக்கத்தோட பேரைத் தட்டினா இன்னும் உன் பழைய பக்கம்தான் வருது!”

“காலையிலயே அந்தப் பேரைப் புது சர்வருக்குத் திருப்பி விட்டுட்டேன், அபா,” என்று மூத்த பெண்களை அழைக்கும் கஸாக் சொல்லால் மரியாதையாகச் சொன்னான். “ஆனா பழசைப் பார்த்தவங்க போன் பழைய விலாசத்தையே ஞாபகம் வெச்சிருக்கும். மறக்க ரெண்டு நாள் ஆகும்.”

“கல்யாணமே நாளைக்குப்பா!”

“மண்டபம் அதேதான், நேரம் அதேதான், பொண்ணும் அதேதான். இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

“மாப்பிள்ளை வேறப்பா! முதல்ல நிச்சயமானவனை எங்க மருமக அரை நாள்ல மறந்துட்டா, போனுக்கு ரெண்டு நாளா? ஊர்ச்சனம் என் பையனை விட்டுட்டு அந்தப் பல்லனுக்கா வாழ்த்துச் சொல்லும்?”

“அவ்வளவு மோசமாவா இருக்கான்?”

“எங்க வீட்டுக் குதிரை அவனைவிட அழகா சிரிக்கும்.”

சொன்ன பிறகு குல்பாஷுக்கே மனசு கேட்கவில்லை.

“சரி, கோவத்துல கத்திட்டேன். நீயும் நாளைக்கு வந்து ஒரு வாய் பெஷ்பர்மாக் சாப்பிட்டுட்டுப் போ. ஆமா, கூட்டத்துல உன்னை எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“கஷ்டமே இல்ல, அபா. உங்க போன் மறக்கறதுக்குள்ள அந்தப் பழைய பக்கத்தை இன்னொரு தடவை பாத்துக்குங்க. பொண்ணு பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறது நான்தான்.”