இரண்டு ஆண் சாட்சி

"குல்சும், நீ வாயே தொறக்கக் கூடாது. காஜி கேட்டா தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்று ஹுஸ்ரெவ் என் முகத்திரையருகே குனிந்து முணுமுணுத்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

புர்சா நகரத்து நீதிபதியான காஜியின் முன்னால் நின்றோம். ஹுஸ்ரெவின் தங்கை நெஃபிஸெ, அப்பா விட்டுப்போன மல்பெரித் தோட்டத்தில் தனக்குள்ள பங்கை மனமுவந்து அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கப் போகிறாளாம். அவளுக்குப் பதிலாகத் திரைக்குள் நிற்க, குளியல்கூடத்தில் முதுகு தேய்க்கும் குல்சுமைப் பிடித்திருந்தான்.

சட்டப்படி அவனுக்கு இரண்டு பங்கு, தங்கைக்கு ஒன்று. அந்த ஒன்றையும் விழுங்கப் பார்த்தான், பேராசை பிடித்தவன்.

நெஃபிஸெ சும்மா இருந்துவிடவில்லை. பங்கு கேட்டு இதே வாசலுக்குப் போன மாதமே வந்தாள். திரைக்குள் இருப்பது நீதான் என்று சொல்ல, உன்னைத் தெரிந்த இரண்டு ஆண்களைக் கூட்டி வா என்றார்கள். கணவன் உயிரோடு இல்லை. தெரு முழுக்கக் கெஞ்சினாள். அவள் வீட்டு நோன்புச் சாப்பாட்டை மூக்குப் பிடிக்கத் தின்றவர்களில் ஒருவன்கூட வரவில்லை. ஹுஸ்ரெவைப் பகைத்துக்கொள்ள எவனுக்கும் துணிவில்லை.

பெற்றவள் வைத்த பெயரைத் தன்னுடையது என்று சொல்ல ஒருத்திக்கு இரண்டு மீசை வேண்டுமாம். தூ!

அந்தப் பெயரைத் திருட மட்டும் ஆள் உடனே கிடைத்தது. கசாப்புக்காரன் பெக்கிரும் மெத்தை தைக்கும் ஸெய்னெலும் முன்னால் வந்தார்கள்.

"இவ இத்ரீஸ் மக நெஃபிஸெதான், காஜி எஃபெந்தி. தவழ்ற வயசுலேர்ந்து பாக்குறோம்" என்றான் பெக்கிர். ஸெய்னெலும் அதையே ஒப்பித்தான். கண்கூட இமைக்கவில்லை, பாவிகள்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். காஜி என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, உன் பங்க அண்ணனுக்கு விட்டுக்குடுக்க சம்மதந்தானா?"

நான் தலையை ஆட்டவில்லை.

"சம்மதமில்ல. என் பங்கு எனக்கு வேணும். அளந்து பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

ஹுஸ்ரெவ் வெடுக்கென்று திரும்பினான். திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். ஒரே வீட்டில் அவனோடு சண்டை போட்டு வளர்ந்த குரல்.

குல்சும் அந்நேரம் என் வீட்டில் என் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே குளியல்கூடத்தில் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தன் கறுப்பு அங்கியையும் எனக்குக் கழற்றிக் கொடுத்தாள், மகராசி.

காஜி புருவத்தை உயர்த்தினார். "ஏம்ப்பா, இவ உன் தங்கச்சிதானே?"

இல்லை என்று சொன்னால் சாட்சிகள் இருவரும் பொய்யர்கள். கழுதைமேல் வால் பக்கம் பார்க்கத் திருப்பி உட்கார வைத்துக் கடைவீதி முழுக்கச் சுற்றி வருவார்கள். கூட்டி வந்தவனையும் விடமாட்டார்கள். பெக்கிர் அவனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, எஃபெந்தி" என்றான் என் அண்ணன்.