ரசீது யார் பெயரில்?

"இந்த ரசீத வரிக்குக் காட்டலாம்தானே, டீச்சர்?"

லோகேஸ்வரி கேட்பது இது மூன்றாவது முறை. அவள் இடுப்பில் இருந்த கிஷன், துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

குழந்தைகள் காப்பகத்து ஷாமினி டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்த அம்மாமாருங்க சாப்பாடு என்ன, தூக்கம் எப்பன்னு கேப்பாங்க. நீங்க வந்ததுலருந்து ரசீதையே புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களேக்கா!"

"இல்ல... பதிவு இல்லாத இடத்துல பிள்ளைய விட்டா வரியில கழிக்க முடியாதாமே?"

"அதெல்லாம் வீட்டுல பிள்ளைங்கள வச்சிப் பாக்குறவங்கக்கா. அவங்க எங்கலா பதிவு பண்ணப்போறாங்க? நம்ம டாஸ்கா பக்கா. மூவாயிரம் ரிங்கிட் வரைக்கும் தாராளமா கழிக்கலாம்." சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த காப்பகப் பதிவுச் சான்றிதழைக் காட்டினாள்.

லோகேஸ்வரி கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தேதி தாண்டியிருந்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். இன்னும் மூன்று வருடம் இருந்தது.

பையிலிருந்து சின்னத் தலையணையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மூணு மாசப் பிள்ளையிலருந்து என் தோள்லதான் தூங்குவான். கஞ்சியில கேரட் கிடந்தா துப்பிடுவான். இடி இடிச்சா காதப் பொத்தி விடணும்."

"ரொம்பச் செல்லம்போல. கடைக்குட்டியா?"

லோகேஸ்வரி கிஷனின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

டீச்சர் கையை நீட்டியதும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. உதவியாள் அவனை உள்ளே தூக்கிப் போனாள். கதவு சாத்திய பிறகும், "வூட்டுக்கு... வூட்டுக்கு..." என்ற அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது.

லோகேஸ்வரி கதவையே பார்த்து நின்றாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"மொத நாளு எல்லாரும் இப்படித்தான்கா. அவன விட நீங்கதான் அதிகமா அழுவுறீங்க." டீச்சர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். "யாரு பேருல போடட்டும்? அப்பாவா, அம்மாவா? ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் கழிக்க முடியும்."

"அம்மா பேருலதான் போடச் சொல்லியிருக்கு."

"சரி, ஐசி குடுங்க."

லோகேஸ்வரி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஓர் அடையாள அட்டை நகலை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதிலிருந்த படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"நான் அவன வீட்டுல வச்சிப் பாத்துக்கிட்டவ, டீச்சர். என்னால ரசீது குடுக்க முடியல."