பையர் வந்த வீடு

"பாத்தா நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா நம்மூட்டுக்கு ஆகாதுங்க" என்று ஐந்தாவது வீட்டு அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டார்.

சகாயராஜுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவன் திருப்பூரில் ஒரு ஜவுளிக் கல்லூரியின் ஆபீஸ் உதவியாளர். வெளிநாட்டு மாணவர்கள் வந்து இறங்கினால் சிம் கார்டு வாங்கித் தருவது, போலீஸ் பதிவுக்கு அழைத்துப் போவது, வாடகைக்கு அறை பிடிப்பது எல்லாம் அவன் தலையில்தான் விடியும்.

இந்த முறை வந்திருப்பவன் எத்தியோப்பியாக்காரன். பெயர் தெஸ்ஃபாயே. கல்லூரி கெஸ்ட் ரூமை இன்று சாயங்காலம் அவன் காலி செய்தாக வேண்டும். அறை கிடைக்காவிட்டால் உன் வீட்டுக்குக் கூட்டிப் போ என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

சொல்வதற்கென்ன! சகாயராஜின் வீடே ஒற்றை அறை. அதில் மனைவி, இரண்டு பிள்ளைகள், போதாக்குறைக்குச் சாத்தான்குளத்திலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியார் காலை நீட்டிப் படுத்தால் அவன் வாசற்படியில்தான் படுக்க வேண்டும்.

காலையிலிருந்து நாய் படாத பாடு. ஒரு வீட்டில் மாட்டுக்கறி ஆக்குவானா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் ஆள் ரொம்பக் கறுப்பு என்றார் ஒருவர். சொன்னவரும் ஒன்றும் சுண்ணாம்பு நிறமில்லை.

தெஸ்ஃபாயேவோ ஒவ்வொரு வாசலிலும் புதிதாகக் கைகூப்பி வணக்கம் சொன்னான். அதைத்தான் சகாயராஜால் பார்க்க முடியவில்லை.

நெருப்பெரிச்சல் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் வெகுதூரம் நடந்து, 'மாடி ரூம் வாடகைக்கு' என்று சாக்பீஸால் எழுதியிருந்த ஒரு கேட்டைத் தட்டினார்கள்.

வீட்டுக்காரர் கன்னையன் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி சுப்பாத்தாள். வீட்டை ஒட்டி அவர்களுடைய தையல் கம்பெனி. தகர ஷெட்டுக்குள் துணி போட்டு மூடிய மெஷின்கள் இருட்டில் கிடந்தன. அமெரிக்காவில் வியாபாரம் படுத்து, பனியன் ஆர்டர்கள் நின்றுபோன வருடம் அது. ஊரில் பாதி ஷெட்டுகள் அப்படித்தான் கிடந்தன.

"பையனுக்கு ரூம் வேணும்ணே" என்றான் சகாயராஜ். தொண்டை வறண்டு குரல் பாதிதான் வந்தது.

கன்னையன் தெஸ்ஃபாயேவை ஏற இறங்கப் பார்த்தார். "பையருக்குங்களா?"

வெளிநாட்டிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்க வருகிறவர்தான் பையர். திருப்பூரில் சாமிக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான்.

ஒரே ஓர் எழுத்துத்தான் பிசகு. அதைத் திருத்தினால் ஆறாவது கதவையும் சாத்துவார்கள். சகாயராஜ் தலையை ஆட்டி வைத்தான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதான். மனிதருக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வந்ததோ! மாடி ரூமைக் காட்டவேயில்லை. ஷெட்டுக்குள் ஓடி லைட்டைப் போட்டார். மூடியிருந்த துணியை உருவி, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஓட்டிக் காட்டினார்.

ஜவுளி படிக்க வந்த பிள்ளை சும்மா இருப்பானா? துணியை விரலால் தேய்த்தான், தையலை இழுத்துப் பார்த்தான், இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வி கேட்டான். பையர்களும் இதையேதான் செய்வார்கள். கன்னையன் பழைய சாம்பிள் பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார்.

"ஏ புள்ள, இவிங்களுக்கு எலை போடு. எனக்குஞ் சேத்துப் போடு" என்று வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

சகாயராஜுக்கு உள்ளே அறுத்தது. அறை கிடைத்துவிடும், சரி. இந்த மனிதரை இப்படி ஏமாற்றியா கிடைக்க வேண்டும்? நாளைக்கு ஆர்டர் எங்கே என்று கேட்பாரே, அப்போது எந்த முகத்தோடு வந்து நிற்பது? இந்தப் பாவத்துக்கு மாமியார் காலடியிலேயே படுத்துக் கிடக்கலாம். சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று சமையலறைப் பக்கம் போனான்.

சுப்பாத்தாள் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு அடுப்பருகே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அவன் பையர் இல்லக்கா. காலேஜுக்குப் படிக்க வந்த பையன்."

"தெரியுமுங்க தம்பி. பையரு இந்த வெயில்ல நடந்தா வருவாரு?"



சுப்பாத்தாள் ஷெட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆடி மாசத்துலருந்து ஊட்டுல ஒரு கயிறு, ஒரு சேலை வெக்கறதில்லீங்க. அத்தனையும் பக்கத்தூட்டுல குடுத்து வெச்சிருக்கறன். ராத்திரியில அவரு பொரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்குவனுங்க. இன்னிக்குத்தான் மனுசன் தானா வாயத் தொறந்து சோறு கேட்டிருக்காரு. தெரியறப்பத் தெரியட்டும். இப்பச் சொல்லீராதீங்க தம்பி."

அழுது ஓய்ந்த முகம். இனி அழக்கூட அதில் தெம்பில்லை.

ஷெட்டிலிருந்து கன்னையனின் குரல் வந்தது. "ஏனுங்க தம்பி, பையருக்குக் காரம் ஆகுமுங்களா?"

சுப்பாத்தாள் அவனையே பார்த்தார்.

சகாயராஜ் அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

"பையரு நல்லாக் காரமாவே போடச் சொல்லுதாருண்ணே!"