முள்சீத்தா மாமா

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவக்கூடாது. அவ்ளோதான்" என்றார் எமீல்.

சொல்லிவிட்டு, கொண்டுவந்த முள்சீத்தாப்பழச் சாற்றைச் சொம்போடு மேசைமேல் வைத்தார். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் தங்கை சூசான் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததே இல்லை. ஒரு நாள் சாறு வரும், ஒரு நாள் சூரணம் வரும். அட்வைஸ் எல்லா நாளும் வரும்.

எமீல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். துப்பாக்கியைத் துடைக்கத் தெரியும், வைத்தியம் தெரியாது. ஆனால் 'இயற்கையே மருந்து' என்ற வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் ஆனதிலிருந்து அவருக்குத் தெரியாத வியாதி உலகத்தில் கிடையாது. குரூப்பில் யாரோ 'டாக்டர் ஐயா' என்று போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கையெழுத்துகூடக் கிறுக்கலாகிவிட்டது.

சூசானின் மகள் சுடர்விழிக்கு இருபது வயது. கழுத்தில் கட்டி என்று காட்டப் போனவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். மூன்று கீமோ முடிந்திருந்தது, நாலாவது வரும் திங்கட்கிழமை. முடி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை.

ஒழுங்காகப் போட்டால் குணமாகிவிடும், நடுவில் விட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூசானுக்குப் பாதி மனசு டாக்டர் பக்கம், பாதி மனசு அண்ணன் பக்கம். மகள் வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கும் நாளில் அண்ணன் பக்கம் கூடுதலாகச் சாயும்.

"இந்த வீடியோவப் பாரு சூசான். அமெரிக்காக்காரனே சொல்றான். கீமோன்றது வெறும் வெஷமாம். முள்சீத்தா அத வுட பத்தாயிரம் மடங்கு பவராம்."

"அமெரிக்காக்காரன் இவ்ளோ நல்லா தமிழ் பேசுறானே மாமா" என்றாள் சுடர்விழி, தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பாத்தியா இவ வாய? எந்நேரமும் போனு. அதுலேர்ந்து வர்ற கதிர்வீச்சுலதான் இந்த நோவே வந்துது. குரூப்ல போட்டேனே, படிக்கல?"

"அதப் படிக்கவும் போனத்தானே மாமா எடுக்கணும்?"

"சுடரு, சும்மா இரு" என்று அதட்டினாள் சூசான்.

"இது ஆஸ்பத்திரி ஆப்பும்மா. காய்ச்சல், வாந்தி எதுன்னாலும் இதுல போட்டா நர்ஸ் கூப்பிடுவாங்க. போன வாரம் காய்ச்சல்னு போட்டதும் ஒடனே கெளம்பி வாங்கன்னு சொல்லல?"

எமீல் விடுவதாக இல்லை.

"நர்ஸ்கிட்டதான் அப்பிடிக் குழையுறியா? உள்ள வரும்போதே கேட்டேன். 'பயப்படாத, நான் இருக்கேன், தைரியமா தூங்கு'ன்னு எவனுக்கோ வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தியே. யாரு அவன்?"

சூசானுக்குச் சுருக்கென்றது. அவளும்தான் சில நாளாகக் கேட்கிறாள். யாரென்றால் "ஃபிரெண்டும்மா" என்பாள் மகள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இது ஒரு கேடா என்று பெற்றவளுக்குள் ஆத்திரம் புகைந்துகொண்டிருந்தது.

"வெஷம் ஒடம்புல ஏறினா புத்தி இப்பிடித்தான் போவும். நாளைக்கு இவள எவன் கட்டுவான்? மூணு மாசம் எங்கிட்ட வுடு, நான் சரி பண்ணிக் காட்டுறேன். எம்புள்ள அலெக்சிக்கு இப்பிடி வந்திருந்தா நான் ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சிருப்பேனா, சொல்லு?"

அலெக்சி அவருக்கு ஒரே பிள்ளை. பிரான்சில் லியோன் நகரத்தில் படிக்கிறான். அவனுக்குச் சமைத்துப்போட அண்ணியும் அங்கேதான் போயிருக்கிறாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் சுடர்விழி இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

வாயாடிப் பெண் வாயடைத்துப்போனதைப் பார்த்ததும், அண்ணன் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று சூசானுக்குத் தோன்றிவிட்டது.

"சரிண்ணே. இந்த ஒரு வாட்டி நிறுத்திதான் பாப்போமே."

"அம்மா!" என்றாள் சுடர்விழி. அவள் கண் கலங்கிவிட்டது. மூன்று கீமோவுக்கும் அழாதவள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் டிங் என்றது. எமீல் எட்டிப் பிடுங்கினார்.

"அவன் எவன்னு இன்னிக்கி ஒங்கம்மாவும் கேக்கட்டும்!"

"மாமா, வேணாம். சொன்னா கேளுங்க, அதக் குடுத்துடுங்க!"

பட்டாளத்துக்காரர் கேட்பாரா? அழுத்திவிட்டார். வீடு முழுக்கக் கேட்டது.

"சுடரு, நாலாவது கீமோ முடிஞ்சிது. நீ சொன்ன மாதிரி நர்ஸ்கிட்ட கேட்டு ஐஸ் கட்டிய வாயில ஒதுக்கிக்கிட்டேன். இந்த வாட்டி புண்ணு வரல. முடி கொட்டுனதுக்கு அம்மாதான் அழுவுறாங்க..."

அலெக்சியின் குரல். தூக்கி வளர்த்த அத்தைக்குத் தெரியாதா?

எமீல் அவசரமாகப் போனை அணைக்கப் பார்த்தார். சூசான் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள். குரல் தொடர்ந்தது.

"...நான் ஒங்கிட்ட சொன்னது அப்பாவுக்குத் தெரிய வேணாம். சொந்தத்துல ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. அவரும் பாவம், 'ஒரு கீமோவக்கூட வுட்டுடாதடா, கண்டவன் பேச்சக் கேட்டு கண்டதையும் குடிச்சிடாதடா'ன்னு தெனமும் போன்ல அழுவுறாரு."